நோயேடும் பாடபேதமும்

ஓலைச்சுவடியைக் கறையான் அரித்தால் ஒரு நூல் அழியும். நோயாளியின் பதிவேட்டில் ஓரெழுத்துப் பிறழ்ந்தால் ஓருயிர்க்கே ஊறு நேரலாம். சுவடி காத்த பெரியோரைப் போற்றும் நாம், நோயேட்டைப் பிழையறக் காக்க முயல்வோரை வெறும் எழுதுவினைஞர் என்று எள்ளுதல் முறையாகுமா? ஆசிரியர்களும் மாணவர்களும் இதனைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

என்னிடம் தமிழ் கற்ற இளைஞர் ஒருவர், பட்டம் பெற்றபின் சுகாதாரத் தகவல் தொழில்நுட்ப ஆய்வொன்றில் ஆராய்ச்சி உதவியாளராய்ப் பணிபுரிகின்றார். கணினியில் ஏற்றிய நோயாளர் பதிவுகளை ஒப்புநோக்குதல், ஒருவர்க்கே இரண்டு மூன்று பதிவுகள் இருப்பின் அவற்றைக் கண்டுபிடித்தல், நோயாளரிடம் கேட்கும் வினாக்களைத் தமிழில் அமைத்தல் ஆகியன அவர் தொழில். "பட்டம் பெற்றும் பெயர் சரிபார்க்கிற வேலைதானா?" என்று வெள்ளவத்தையிலுள்ள அவருடைய உறவினர் கேட்கின்றனராம். மேனாடுகளிலே பேராசிரியரொருவரின் கீழ் இவ்வாறு உதவியாளராய் உழைத்து, அவ்வூதியத்தைக் கொண்டே மேற்பட்டம் பெறுவோர் பலர். அங்கே அது கல்வியின் படி. இங்கே அது குறைவாய்த் தோன்றுகின்றது. குறை தொழிலில் இல்லை. நம் பார்வையில் உள்ளது.

பெயர் சரிபார்த்தல் எளிய காரியமன்று. தெய்வானை என்னும் பெயரையே கொள்வோம். அதனை ஆங்கிலத்தில் எழுதுங்கால் ஒருவர் 'டீ' என்ற எழுத்தில் தொடங்குவார். மற்றொருவர் அதனோடு 'எச்' சேர்ப்பார். வகரத்துக்கு ஒருவர் 'வீ' இடுவார், இன்னொருவர் 'டபிள்யூ' இடுவார். மணமாகுமுன் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னிற்கும். மணமானபின் கணவர் பெயரின் முதலெழுத்து வந்து சேரும். நம்மவர்க்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. ஆயினும் படிவத்திலே அதற்கோர் இடம் உண்டு. அதில் எப்பெயரை இடுவதென்பது பதிவோர் மனம்போல் அமைகின்றது. கொட்டாஞ்சேனையிலே ஒரு மூதாட்டி இருவேறு காலத்தில் வைத்தியசாலைக்குச் செல்கின்றார் என வைத்துக்கொள்வோம். பெனிசிலின் தமக்கு ஒவ்வாது என்பது முதற் பதிவிலே குறிக்கப்பட்டுள்ளது. இரண்டாம் முறை பெயர் வேறு எழுத்தில் ஏற, கணினி அவரைப் புதியவராய்க் கொள்கின்றது. நோயுற்று நினைவிழந்து கிடப்பவர் அதனைத் தம் வாயாற் சொல்லவும் இயலாது. எழுத்துப்பிழை அங்கே எழுத்தோடு நிற்பதன்று.

இவ்வேலையைத் தமிழர் முன்னரே அறிவர். ஏடெழுதுவோர் கைப்பட்டு ஒரு பாட்டுப் பலவாறு திரிந்து கிடக்கும். அவற்றுள் எது மூலம், எது திரிபு, இரண்டும் ஒன்றா, வேறா என்று ஆய்வதே பதிப்பாசிரியர் பணி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் முதன்முதற் பட்டம் பெற்ற நம் சி. வை. தாமோதரம்பிள்ளை, 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தது இவ்வுழைப்பாலன்றோ? பாடபேதம் நோக்கப் பழகிய கண்ணுக்கு, ஒரு பெயரின் பத்து வடிவங்களிடையே ஒருமை காணுதல் புதிதன்று. சான்று போதாவிடத்து இரண்டையும் ஒன்றாக்காது விடும் அடக்கமும் அப்பயிற்சியால் வருவது. பொருந்தாத இருவரை ஒருவராக்குதல் ஒருவரை இருவராக்குதலினும் கொடிது.

பெயரோடு முடிவதுமன்று. "எனக்கு வருத்தம்" என்று ஈழத்தவர் ஒருவர் கூறின் அது நோய். தமிழகத்தார்க்கு அது மனத்துயர். நமக்குத் 'தடிமன்' சளிநோய். அங்கே அது பொருளின் கனம். அங்குள்ள வழக்கை மட்டும் கற்ற கருவியொன்று நம் நோயாளியின் சொல்லை மொழிபெயர்ப்பின், காய்ச்சற்காரர் கவலைக்காரராய்ப் பதியப்படுவார். 2022ஆம் ஆண்டு தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த நோய்களின் சர்வதேச வகைப்பாட்டுப் பதினொராம் திருத்தம் எத்துணை நுண்ணியதாயினும், முதலில் நோயாளி சொன்ன சொல் பிழையாய் விளங்கப்பட்டால் குறியீடும் பிழையாகவே அமையும்.

இத்துறையில் இந்நாடு பின்தங்கியதுமன்று. 2020 தை மாதத்தில், கொரோனாத் தொற்று இங்கு பரவுமுன்னரே, நாட்டினுள் வருவோரைப் பதிந்து கண்காணிக்கும் ஏற்பாடொன்றைச் சுகாதார அமைச்சுடன் இணைந்து இங்குள்ளோர் உருவாக்கினர். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் இலவச மென்பொருளே அதற்கு அடிப்படை. பின்னர் பல நாடுகள் அவ்வழியைப் பின்பற்றின. கொழும்பிலே மருத்துவத் தகவலியல் கற்ற வைத்தியர்கள் அம்முயற்சியில் முன்னின்றனர். மருத்துவமும் தமிழும் கைகோத்தலும் நமக்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, அதற்குரிய நூல்களையும் தமிழில் ஆக்கினார்.

"இவையனைத்தையும் யந்திரமே செய்துவிடும்; தமிழ்ப் பட்டதாரிக்கு அங்கென்ன வேலை?" என்பாருமுளர். யந்திரம் எழுத்தொப்புமையை நொடியிற் காட்டும். அது பெரிய உதவி. ஆயினும் எவ்வெழுத்து எவ்வெழுத்தாய்த் திரியும், எந்த ஊரில் எச்சொல் எப்பொருளில் வழங்கும் என்பதை அதற்குக் கற்பிப்பவர் மொழியறிந்தவராய் இருத்தல் வேண்டும். இன்னொருபுறம், நம் பண்டிதர்களுக்கும் ஒன்று சொல்லுவேன். வினாக்கொத்தைத் தமிழாக்குங்கால் அகராதியிலன்றி எவர் வாயிலும் இல்லாத சொற்களைப் பெய்தல் தமிழ்த்தொண்டாகாது. நோயாளிக்கு விளங்காத தூய தமிழினும் விளங்கும் 'கிளினிக்' மேலானது.

வேண்டுவன மூன்று. தமிழர் பெயர் ஆங்கில எழுத்தோடு தமிழெழுத்திலும் பதியப்படல் வேண்டும். 1991இல் வெளியான யுனிக்கோட்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றதாகலின் இயலாதென்று சொல்ல இடமில்லை. தந்தை பெயரும், கணவர் பெயரும், தம் பெயரும் தனித்தனி இடம் பெறல் வேண்டும். இத்தகைய ஆய்வுகளில் மொழி கற்றவர்க்கும் உதவியாளர் இடம் அளித்தல் வேண்டும். அவ்விடத்தைப் பெறுவோர், பிறர் நோயைப் பேசுபொருளாக்காத வாயடக்கமும் உடையராதல் வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதனைக் கடமையாக வகுத்துள்ளது. சட்டம் சொல்லாவிடினும் அறம் அதனைச் சொல்லும்.

ஆசிரியர்களே, இலக்கணம் கற்றால் என்ன பயன் என்று வினவும் மாணவனுக்கு இத்தொழிலையும் எடுத்துக் காட்டுங்கள். லகர ழகர ளகர வேறுபாட்டைப் பேணுதல் செய்யுளுக்கு மட்டும் உரியதன்று; கட்டிலிற் கிடக்கும் ஒருவர் தம் பெயராலேயே அறியப்படுதற்கும் அது வேண்டும்.