நோயாளியிடம் கேட்க மறந்த கேள்வி



எரிக்கோ நகரின் வழியோரத்தில் அமர்ந்து பிச்சையெடுத்த பர்த்திமேயுவை நாம் அனைவரும் அறிவோம் (மாற்கு 10:46-52). அவருக்குப் பார்வை இல்லை என்பது அவ்வழியே சென்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இயேசுவுக்கும் அது தெரியாததன்று. ஆயினும் அவரைத் தம்மிடம் அழைத்த ஆண்டவர், குணமளிக்கும் முன்னர், தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டுமென விரும்புகிறார் என்று கேட்டார். தெரிந்த ஒன்றை ஏன் கேட்க வேண்டும்? கூட்டத்தினர் அந்த மனிதரைப் பேசாதிருக்கும்படி அதட்டினர். இயேசுவோ அவரைப் பேச வைத்தார். பார்வையைப் பெறுவதற்கு முன்பே, மனிதருக்குரிய மதிப்பை அவர் பெற்றுக்கொண்டார்.

இக்கேள்வியே வைத்தியத்தின் அடித்தளம் என்று எடுத்துரைத்தவர்களுள் ஒருவர், அமெரிக்கக் கத்தோலிக்க வைத்தியரும் மெய்யியலாளருமான எட்மண்ட் பெலெகிரினோ (1920-2013). நோயுற்ற மனிதர் பலவீனமானவர். தம்மை இன்னொருவரின் கையில் ஒப்படைக்க வேண்டிய நிலையில் இருப்பவர். அவரிடம் வைத்தியர், ‘உங்களுக்கு நான் எவ்வாறு உதவலாம்?’ என்று கேட்கும்போதே ஒரு வாக்குறுதி பிறந்துவிடுகிறது. எனக்கு இத்துறையில் அறிவுண்டு, அதனை உங்கள் நன்மைக்காகவே பயன்படுத்துவேன் என்பதே அவ்வாக்குறுதி. ஒவ்வொரு சிகிச்சையிலும் மூன்று கேள்விகள் எழுகின்றன என்றும் அவர் விளக்கினார். இவருக்கு நேர்ந்திருப்பது என்ன? அதற்குச் செய்யக்கூடியவை எவை? அவற்றுள் இந்த நோயாளருக்குச் செய்ய வேண்டியது எது? முதல் இரண்டுக்கும் விஞ்ஞானம் விடை தரும். மூன்றாவதற்கோ, நோயாளரைக் கேளாமல் விடை காண இயலாது.

இது நமக்குப் புதியதன்று. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில், வைத்தியர் கருத வேண்டியவற்றைக் கூறும் வள்ளுவர், நோயுற்றவரின் அளவை முதலிலும், நோயின் அளவை அதன் பின்னருமே வைக்கிறார். நோய்க்கு முன்னே மனிதர் நிற்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு வைத்தியசாலையில் வயது முதிர்ந்த தாய் ஒருவருக்கு நோயில் பூசுதல் வழங்கச் சென்றிருந்தேன். விடுதி வாசலிலேயே மகன் என்னை மறித்து, “அம்மாவுக்கு ஒண்டும் தெரியாது சுவாமி, சொல்லிப்போடாதேயுங்கோ” என்றார். நானும் தலையசைத்தேன். செபங்களைச் சொல்லி, எண்ணெய் பூசி, ஆசீர்வதித்து விடைபெறத் திரும்பியபோது, அத்தாய் என் கையைப் பற்றிக்கொண்டார். “சுவாமி, எனக்கு என்ன வருத்தமெண்டு பிள்ளையளுக்கும் தெரியும், டொக்டருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். என்னட்டை மட்டும் ஒருத்தரும் கதைக்கேல்லை. நாள் இல்லையெண்டால் சொல்லுங்கோ, தங்கச்சியோடை ஒருக்கா கதைக்கோணும்.” பல ஆண்டுகளாகச் சகோதரிகள் இருவருக்கும் இடையே பேச்சில்லை.

அன்று நான் வெட்கினேன். அருட்சாதனத்தை வழங்கிய நானும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. பிள்ளைகளுடன் பேசினோம். வைத்தியரிடம் வேண்டினோம். அவர் தம் வேலைப்பளுவுக்கிடையிலும் கட்டிலருகே அமர்ந்து, அத்தாய் எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று முதலில் கேட்டு, அதன் பின்னரே மெதுவாக எடுத்துரைத்தார். இரண்டு நாட்களில் தங்கை வந்தார். நோய் குணமாகவில்லை. ஆனால் அத்தாய் சமாதானத்துடன் கண்மூடினார்.

குணமாக்க இயலாத இடத்திலும் வைத்தியரின் வாக்குறுதி முடிவடைவதில்லை. தாதியாகவும் சமூகப் பணியாளராகவும் பணியாற்றிய பின்னர் வைத்தியம் கற்ற சிசிலி சோண்டர்ஸ், 1967ஆம் ஆண்டு இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடங்கி, இறுதிநிலை நோயாளர்களைப் பராமரிக்கும் முறைக்கு வழிகாட்டினார். நோயுற்ற பெண்ணொருவரிடம் அவரது வலியைப் பற்றி அவர் ஒருமுறை கேட்டபோது, உடலின் வேதனையில் தொடங்கிய பதில், குடும்பத்தைப் பற்றிய கவலையையும் உள்ளத்தின் தவிப்பையும் வெளிக்கொணர்ந்தது. இத்தகைய அனுபவங்களிலிருந்தே, உடல், உள்ளம், உறவு, ஆன்மா ஆகிய அனைத்தையும் தழுவிய ‘முழுமையான வலி’ என்னும் கருத்தை அவர் உருவாக்கினார்.

நமது வைத்தியர்களும் தாதியர்களும் சுமக்கும் பாரத்தை நாம் மறக்கலாகாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுச் சென்றனர். எஞ்சியோரின் சுமை மேலும் கூடியது. நீண்ட வரிசையின் முன்னே, ஒவ்வொருவருடனும் மணிக்கணக்கில் உரையாட அவர்களால் இயலாது. எனினும், கட்டில் இலக்கத்துக்குப் பதிலாகப் பெயர் சொல்லி அழைப்பதற்கும், உறவினரிடம் பேசுமுன் நோயாளரின் முகத்தைப் பார்ப்பதற்கும் அதிக நேரம் தேவையில்லை.

பெற்றோரின் நோயை அவர்களிடமே மறைக்கும் பிள்ளைகளே, உங்கள் அன்பை நான் ஐயுறவில்லை. ஆனால் யாரைக் காப்பாற்றுகிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அழுகையைத் தாங்க முடியாதவர்கள் சில வேளைகளில் நாமேயன்றோ? எல்லாவற்றையும் அறிய விரும்பாத நோயாளர்களும் உண்டு; அவர்களின் மௌனமும் மதிக்கப்பட வேண்டியதே. அந்த மௌனத்தைத் தெரிவு செய்ய வேண்டியவர்கள் அவர்களேயன்றி நாமல்லர்.

1992ஆம் ஆண்டு பாப்பரசர் புனித இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உலக நோயாளர் தினத்தை ஏற்படுத்தினார். லூர்து அன்னையின் திருநாளாகிய பெப்ரவரி 11ஆந் திகதி, ஆண்டுதோறும் அது நினைவுகூரப்படுகிறது. அந்த நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த ஞாயிறு உங்கள் இல்லத்திலோ அயலிலோ நோயுற்றிருக்கும் ஒருவரின் அருகே அமருங்கள். ஆறுதல் மொழிகளைச் சற்று நிறுத்தி வைத்து, எரிக்கோவின் வழியோரத்தில் ஆண்டவர் கேட்டதையே கேளுங்கள். பின்னர், பதில் வரும்வரை பொறுமையோடு காத்திருங்கள்.