பாசி என்று ஒதுக்கலாமா?

பாசி என்றதும் படித்துறையில் கால் வழுக்கும் பச்சைப் படலந்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், அன்புத் தோழியரே, அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனையோ வேறுபட்ட உயிர்கள் அடங்கியுள்ளன. அவற்றை இனம் பிரித்துப் பட்டியலிடுவது வீண் வேலை என்று சிலர் எண்ணுகின்றனர். அது இன்றியமையாத வேலை என்பதே என் கருத்து.

மலைச் சதுப்புகளிலும் ஈரப் பாறைகளிலும் மெத்தைபோல் வளர்வது மாஸ். இதற்குச் சிறு தண்டும் இலையும் உண்டு; உண்மையான வேரோ பூவோ விதையோ இல்லை. சதுப்பில் வளரும் ஸ்பேக்னம், தன் உலர்ந்த எடையைப்போல் 15 மடங்குக்கும் மேல் நீரைத் தேக்கி வைக்கும். கடல்நீரிலோ மாஸ் வளர்வதே இல்லை. நம் வேம்பார்க் கரையில் ஒதுங்கும் கடற்பாசிகள் வேறு குலம். அவற்றைப் பச்சை, பழுப்பு, சிவப்பு என மூவகையாகப் பிரிப்பர்.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் வாழ்ந்த இயேசு சபைக் குரு ஃபோரோ அடிகளார், பழனி மலையின் மாஸ்களைத் தேடிச் சேகரித்து வகைப்படுத்தினார். அவருடைய பட்டியல் 1961இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் வெளிவந்தது. நம் கடலிலோ, பேராசிரியர் எம்.ஓ.பி. அய்யங்கார் 1927இலேயே குருசடைத் தீவின் பாசிகளைப் பற்றி எழுதினார்.

"பட்டியலால் பசி தீருமா?" என்று கேட்பவர்கள் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பிலிப்பைன்ஸ் கடலுக்கு உரிய கப்பாஃபைகஸ் என்னும் சிவப்புப் பாசி, மண்டபம் பகுதிக்கு வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டது. அது குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் படர்ந்திருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். தன் பிள்ளைகளின் முகம் தெரிந்த தாய்க்குத்தானே பந்தியில் அமர்ந்த புதுமுகம் புலப்படும்? அந்தப் பாசியை வளர்த்துப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களும் உண்டு. ஆகவே வெறும் ஆத்திரம் உதவாது. எது எங்கே வளர்கிறது என்ற தெளிவான அறிவே உதவும்.

அந்த அறிவு நூல்களில் மட்டும் இல்லை. இராமநாதபுரக் கரையில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் தாய்மார்கள் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப்பாசி, கட்டக்கோரை என்று பெயர் சொல்லிப் பிரிக்கின்றனர். முதல் இரண்டும் அகர் தருபவை. கட்டக்கோரை ஆல்ஜினேட் தருவது. கல்லூரி வாசலை மிதிக்காத அவர்களும் வகைப்பாட்டியல் வல்லுநர்களே என்றால் மிகையாகாது!

1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 மன்னார் வளைகுடாத் தீவுகளில் உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி, நல்லதண்ணி ஆகியவை நம் ஊரின் பெயராலேயே வேம்பார்த் தொகுதி எனப்படுகின்றன. இத்தனை அருகில் இருந்தும் தேர்வுக்காகப் பிரையோபைட்டாவை மனப்பாடம் செய்யும் நாம், காலடியில் கிடக்கும் பாசியின் பெயரை அறியாதிருப்பது முறையா?

எனவே நம் அறிவியல் மன்றம் ஓர் ஏடு தொடங்கட்டும். உயிருள்ளதைப் பறிக்க வேண்டாம். கரை ஒதுங்கியதை உலர்த்தி ஒட்டி, ஊர்ப்பெயர், அறிவியல் பெயர், கண்ட இடம், நாள் ஆகியவற்றைக் குறிப்போம். பெற்றோரும் தாம் அறிந்த பெயர்களைச் சொல்லி உதவட்டும். நமக்குப் பின் வரும் தங்கையர் அந்த ஏட்டைப் புரட்டி, எது நிலைத்தது, எது மறைந்தது, எது புதிதாய் வந்தது என்று அறியட்டும். பெயரறிந்து போற்றுவோம், பேணிக் காப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி