லொடலொடக்கும் கியர் லிவரும் 10-ம் நம்பர் ஸ்பேனரும்

பைக்கில் வரும் சத்தங்களுக்கு நம் மக்கள் செய்யும் முதல் வைத்தியம், கேட்காத மாதிரி இருப்பது. அதிலும் கியர் லிவர் சத்தம் என்றால் சொல்லவே வேண்டாம். சிக்னலில் நியூட்ரலில் நிற்கும்போது லொடலொட என்று ஆடும். காலை மேலே வைத்தால் அடங்கிவிடும். அடங்கிவிட்டதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமாம்!

உண்மையில் காலை வைத்து அடங்குகிறது என்றால், கோளாறு எங்கே என்று வண்டியே காட்டிக் கொடுத்துவிட்டது. இன்ஜினிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கியர் ஷாஃப்டின் முனையில் சுற்றிலும் பொடிப் பொடியான பற்கள் இருக்கும். லிவரின் துளைக்குள்ளும் அதே மாதிரி பற்கள். இரண்டும் பொருந்தியபின் லிவரின் பிளந்த வாயை ஒரு போல்ட் இறுக்கிப் பிடிக்கிறது. சாதாரண 100, 125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் அது 6 மி.மீ. போல்ட், 10-ம் நம்பர் ஸ்பேனர் போதும். அதிர்வில் இது தளர்ந்தால் லிவர் ஆடும். ஆட ஆட, பற்கள் ஒன்றையொன்று தின்னும்.

காமர்ஸ் படிப்பவர்கள் தேய்மானம் என்றதும் நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள். இந்தத் தேய்மானம் அப்படி நேர்கோட்டில் போகாது. முதல் கட்டத்தில் போல்ட்டை இறுக்கினால் போதும், செலவு பூஜ்யம். அடுத்த கட்டத்தில் லிவரின் பல் போகும். புது லிவர் வாங்க வேண்டும். அதையும் விட்டால் ஷாஃப்டின் பல் போகும். அப்போது கிளட்ச் பக்க கவரைக் கழற்ற வேண்டும், சில வண்டிகளில் இன்ஜினையே பிரிக்க வேண்டும். பைக்கிலேயே சாப்பாடு டெலிவரி செய்து பிழைக்கும் ஒருவருக்கு, கூலியோடு சேர்த்து அன்றைய வருமானமும் போச்சு.

சரி, செய்வது எப்படி? இன்ஜினை அணைத்துவிட்டு லிவரைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஷாஃப்ட் திரும்பாமல் லிவர் மட்டும் ஆடினால் பல்லிலோ போல்ட்டிலோதான் கோளாறு. (சில வண்டிகளில் நடுவே ஒரு இணைப்புக் கம்பி இருக்கும். அதன் மூட்டும் நட்டும் தளர்ந்தாலும் இதே சத்தம்தான்.) லிவர் நிற்கும் கோணத்தைக் குறித்துக்கொண்டு போல்ட்டை முழுசாக உருவுங்கள். பல வண்டிகளில் போல்ட் ஷாஃப்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். உருவாமல் லிவர் வராது. மண்ணெண்ணெய் தொட்டு பிரஷ்ஷால் பற்களைத் துடையுங்கள். பல் நன்றாக இருந்தால் பழைய கோணத்திலேயே மாட்டி, போல்ட் மரையில் நீல நிற திரெட் லாக் ஒரு சொட்டு விட்டு இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். வீரத்தைக் காட்டினால் மரை போய்விடும். இறுக்கியும் வாய்ப் பிளவு முழுசாக மூடிக்கொண்டு லிவர் ஆடினால், லிவரை மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பல பட்டறைகளில் சொல்லும் இன்னொரு வழி: "வெல்டிங் வெச்சுடலாம் தம்பி, ஆயுசுக்கும் ஆடாது." ஆடாதுதான். ஆனால் பற்றவைக்கும் சூட்டில் உள்ளே இருக்கும் ரப்பர் ஆயில் சீல் கெடலாம். ஆயில் கசிந்தால் சீலை மாற்ற லிவரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். இன்று மிச்சம் பிடித்த காசு நாளை வட்டியோடு போகும். பிழைப்புக்காக வண்டியை உடனே எடுத்தாக வேண்டியவர் அதற்குச் சம்மதிப்பதைக் குறை சொல்ல முடியாது. பின்விளைவைச் சொல்லாமல் பற்றவைப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

2022-ல் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமை பற்றி ஒரு குழு அமைத்தது. எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. நல்ல விஷயம். ஆனால் ஸ்பேனர் பிடிக்கவே தெரியாதவனுக்கு அந்த உரிமை கிடைத்து என்ன பயன்? எல்லாரும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. எது 5 நிமிட வேலை, எது 5 மணி நேர வேலை என்று தெரிந்தால் போதும், பட்டறையில் யாரும் காது குத்த முடியாது.

உங்கள் வண்டி லிவர் ஆடுகிறதா? நாளைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை கையால் ஆட்டிப் பாருங்களேன்.