கடலில் ஏது புழுதி?

குருவிகுளம் கரிசலில் கோடை உழவின்போது டிராக்டருக்குப் பின்னால் எழும் புழுதியைப் பார்த்தவர், ஏர் ஃபில்டரில் கஞ்சத்தனமே கூடாது என்பார். சரிதான், அந்தத் தூசி உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிடும். ஆனால் அதே கணக்கைத் தூத்துக்குடி விசைப்படகுக்கும் போடுகிறார்களே! நடுக்கடலில் ஏது புழுதி? அங்கே உப்பு ஈரமும் எஞ்சின் அறையின் எண்ணெய்ப் புகையும்தான். காகித ஃபில்டர் நனைந்து அடைத்துக்கொள்ளும். 2 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின், 3000 சுற்றில் ஓடினால், நிமிடத்துக்குச் சுமார் 3000 லிட்டர் காற்று கேட்கும்; மூச்சு முட்டினால் கரும்புகை, டீசல் விரயம். எஞ்சின் கம்பெனி வேறு சொல்லாதவரை, கழுவி மாட்டும் கம்பிவலையோ ஃபோமோ போதும் என்பேன். டர்போ எஞ்சின் என்றால் ஃபோமை அடிக்கடி பார்க்கவேண்டும். பழசானால் பொடிந்து உள்ளே போய்விடும்.