கம்பஸ் என்றால் குப்பி மட்டுமா?

இசட் ஸ்கோருக்காக வருசக்கணக்கா ரியூசன் கொட்டில்களில் கிடந்துதான் பேராதனைக்கு வருகிறோம். வந்தபிறகு? விடுதி, விரிவுரை, கன்டீன், சோதனைக்கு முதல்நாள் குப்பி. அவ்வளவுதான், நாலு வருசம் முடிஞ்சுது!

இதே வளாகத்தில்தான் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவர்களைச் சேர்த்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தைப் புதிதாக மேடையேற்றினார். இராவணனாக ஆடிய மாணவர் மௌனகுரு, பின்னாளில் தானே பேராசிரியராகிக் கூத்தை வளர்த்தார். அவர்கள் பாடக் குறிப்போடு மட்டும் நின்றிருந்தால்?

எங்களுக்கும் வாசல் திறந்துதான் கிடக்கு. வேறு பீடத்தில் நடக்கிற பொதுக் கருத்தரங்கில் பின்வாங்கில் இருந்து கேட்டால் ஆர் தடுக்கப் போகினம்? பக்கத்து அறைச் சிங்கள நண்பரின் பெயர்கூடத் தெரியாமல் பட்டம் வாங்கி என்ன பயன்? இந்தக் கிழமை அந்தக் கதவை ஒருக்கால் தட்டிப் பார்ப்பமே.