சாவு சொன்னவரின் சாவு

எங்கள் தாத்தா செத்துப்போனதை இந்த அரசாங்கம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 1974ல் செத்தார். சேரியே திரண்டு அழுதது, பறையடித்துத் தூக்கிப்போய்ப் புதைத்தது. ஆனால் 2022ல் வாரிசுச் சான்றுக்காகத் தாலுகா அலுவலகத்தில் போய் நின்றபோது அங்கிருந்தவர் மனுவைத் திருப்பித் தள்ளினார். "தாத்தாவோட இறப்புச் சான்று எங்கங்க?"

"சார், அவர் இருந்தா இன்னிக்கு நூறைத் தாண்டியிருக்கும்."

"செத்திருப்பாருன்னு எனக்கும் தெரியுது. எப்ப செத்தாருன்னு பேப்பர் சொல்லணும்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பேப்பர் சொல்லணும்தான். ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் தோழர்களிடம் பேச வேண்டியிருக்கிறது. இதில் என் குடும்பக் கதை கொஞ்சம் தூக்கலாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. தாத்தா ஊர் வெட்டியான். ஊரில் ஒரு உயிர் போனால் முதலில் ஆள் வருவது எங்கள் குடிசைக்கு. சொந்தபந்தம் இருக்கிற ஊர்களுக்கெல்லாம் நடந்து இழவு சொல்ல வேண்டும். குழி வெட்ட வேண்டும், இல்லை கட்டை அடுக்க வேண்டும். இதற்கு நடுவில் மணியக்காரர் வீட்டுக்குப் போய், திண்ணைக்குக் கீழே தெருவில் நின்று, இன்னார் இறந்துட்டாருங்க சாமி என்று சொல்ல வேண்டும். மணியக்காரர் உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்து எழுதிக்கொள்வார். இப்படித்தான் ஊர்ச் சாவு அரசாங்கத்துக்குத் தெரிந்தது. 1899ல் சென்னை மாகாணத்துக்குப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்ததிலிருந்து, 1980 நவம்பரில் பரம்பரை மணியம் கர்ணம் பதவிகளை ஒழிக்கிற வரை, இந்தக் கணக்கு எழுதும் கை ஊர்த்தெருவில்தான் இருந்தது. கைக்குச் சேதி கொண்டுபோன கால் சேரியில் இருந்தது.

சரி, ஊர்ச் சாவைச் சொல்லச் சேரியிலிருந்து ஆள் போனான். சேரிச் சாவைச் சொல்ல யார் போனது? சேரிச் சுடுகாடு தனி. அங்கே யாரும் யாருக்கும் வெட்டியான் இல்லை, பங்காளிகளே குழி வெட்டிக்கொள்வார்கள். அந்தச் சாவை மணியக்காரரிடம் போய்ச் சொன்னாலும், "அதுக்கின்னாடா இப்ப" என்று கேட்டுவிட்டால் முடிந்தது. சொத்து இருப்பவனுக்குத்தான் சாவுக்குப் பிறகும் கணக்கு வேண்டும், உங்களுக்கு எதுக்குடா கணக்கு என்பதுதான் அதன் பொருள்.

சேரிச் சாவு எதுவுமே பதிவாகவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பதிவானது. எப்போது? காலரா வந்தபோது, அம்மை வந்தபோது. வெள்ளைக்காரன் இந்தக் கணக்கை எடுக்க ஆரம்பித்ததே கொள்ளைநோய் எந்தப் பக்கமாக வருகிறது என்று பார்க்கத்தான். காலரா, பெரியம்மை, பிளேக், ஜுரம், பேதி என்று பிரித்துத்தான் அவன் மரணங்களைக் கூட்டிப் போட்டான். சேரியில் வாந்திபேதியில் பத்துப் பேர் போனால் அது நாளைக்கு ஊர்த்தெருவுக்கு வரும். அதனால் எழுதினார்கள். என் பூட்டன் 1943ல் காலராவில் செத்தார். பதிவேட்டில் அழகாக இருக்கிறார், பெயருக்குப் பின்னால் ஒட்டவைத்த சாதியோடு. நெஞ்சுவலியில் செத்த தாத்தா இல்லை. அது யாருக்கும் ஒட்டாத வியாதி.

இதெல்லாம் இப்போது எதற்கு? நிலத்துக்காக.

1892ல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கைக்குப் பிறகு நம் மக்களுக்கு என்று ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைப் பற்றி இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பத்து வருஷத்துக்கு யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் நம் மக்களுக்குத் தவிர வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். 1994 அக்டோபர் 10ல் ஜான் தாமசும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்கு உயிரைக் கொடுத்தது இந்த நிலத்துக்காகத்தான். அந்தக் காரணை எங்கள் மாவட்டம். எங்கள் பூட்டன் பேரிலும் கொஞ்சம் டி.சி. நிலம் இருந்தது. 1980களில் நடந்த யு.டி.ஆர். கணக்கெடுப்பில் அது வேறொருவர் பேருக்குப் போய்விட்டது. நிபந்தனை மீறிய கைமாற்றம் என்று நிரூபிப்பது ஒரு வேலை. அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது: பழைய கணக்கில் இருக்கிற அந்தக் குப்பனின் பேரன் பிள்ளை நான்தான் என்று காட்டுவது. அதே கணக்கில் அப்பன் பேர் இல்லாமல் ஆறு குப்பன்கள் இருக்கிறார்கள். எந்தக் குப்பன் என்று கேட்டால் நாம் என்ன சொல்வது? மேல்சாதிக்காரனுக்கு வம்சாவளி என்பது பெருமை பேச. நமக்கு அது பட்டா கேட்க.

அதனால் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனேன். கிராமத்துப் பழைய பிறப்பு இறப்புப் பதிவேடுகள் நாளடைவில் அங்கேதான் போய்ச் சேருகின்றன. மாணவத் தோழர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வி.ஏ.ஓ.விடம் கேட்டு இல்லை என்று சொன்னதும் திரும்பிவந்துவிட்டவர்கள் நம்மில் ஏராளம். அங்கே தேடச் சொல்லி மனுவும் கட்டணமும் கொடுத்தால் தேடித்தர வேண்டும். இல்லை என்றால் 'பதிவு இல்லை' என்று எழுத்தில் தர வேண்டும். அந்த 'இல்லை'யும் ஒரு பத்திரம்தான். அது இல்லாமல் தாமதப் பதிவுக்கு மனுப்போட முடியாது.

அங்கிருந்த எழுத்தர் நல்ல மனுஷன். 1974ஆம் வருஷத்துக் கட்டைப் பிரித்து, தானே ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் மேசைக்கு எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு பக்கம் போனதும், "சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்றேன். இறந்தவர் பேர் எழுதிய கட்டத்தில் தாத்தா இல்லை. தகவல் சொன்னவர் கட்டத்தில் இருந்தார். இன்னார், வெட்டியான், இடது பெருவிரல் ரேகை. அடுத்த பக்கத்திலும் அவர். அதற்கடுத்த பக்கத்திலும் அவர். 1969ஆம் வருஷச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வாயால் தகவல் சொல்பவர் எழுதத் தெரியாதவராக இருந்தால் பதிவேட்டில் ரேகை வைக்க வேண்டும் என்கிறது. எங்கள் மணியக்காரர் அந்த ஒரு விஷயத்தில் சட்டப்படி நடந்திருக்கிறார். ஊரில் யார் யார் வீட்டுச் சாவெல்லாமோ என் தாத்தாவின் விரலை நம்பி நிற்கிறது. அந்த வீட்டுக்காரர்கள் அதை வைத்துத்தான் வாரிசுச் சான்று வாங்கினார்கள், பட்டா மாற்றினார்கள், பாகம் பிரித்தார்கள். அவர் சாவுக்குக் கட்டை விரல் வைக்க ஒருத்தர் இல்லை.

எழுத்தர் மேலே புரட்டினார். 1974 நவம்பர் 9ல் ஒரு சாவு, தகவல் சொன்னவர் தாத்தா. அடுத்த பதிவு டிசம்பர் 2. அங்கே வேறு ரேகை, வேறு பேர். என் நைனாவின் பேர். அன்றைக்கு நைனாவுக்கு இருபத்திரண்டு வயது.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. எழுத்தர், "இன்னா சார், கெடைச்சிதா?" என்றார். கிடைத்தது. அவர் சாவை யாரும் எழுதவில்லை. ஆனால் நவம்பர் 9க்கும் டிசம்பர் 2க்கும் நடுவில் அது இருக்கிறது, இரண்டு மேல்சாதிச் சாவுகளுக்கு இடையில், எழுதாத ஒரு வரியாக.

அமெரிக்கக் கறுப்பர்களைப் பற்றிப் படித்தது அப்போது ஞாபகம் வந்தது. 1972ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் என்று நம்மவர்கள் பேர் வைத்துக்கொண்டது அங்கே இருந்த கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான். நாம் எடுத்துக்கொள்ள இன்னொன்றும் அங்கே இருக்கிறது. அந்த நாட்டில் கவுண்டி என்று ஒரு நிர்வாகப் பிரிவு, நம் மாவட்டம் மாதிரி. பழைய மரணப் பதிவும் உயில்களும் சொத்துக் கணக்கும் கவுண்டி நீதிமன்றக் கட்டடங்களில்தான் தேட வேண்டும். வர்ஜீனியாவில் 1853லேயே மரணத்தைப் பதியச் சட்டம் வந்தது, அடிமைகளின் மரணத்தையும் சேர்த்து. ஆனால் அடிமை செத்தால் தகவல் சொல்பவன் எஜமான். பேர் தெரிந்தால் பேர், இல்லாவிட்டால் இன்னாருடைய அடிமை. 1850, 1860 கணக்கெடுப்புகளில் எஜமான் பேருக்குக் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் மட்டும் இருக்கும். விடுதலையான எல்லோருக்கும் பேர் கிடைத்தது 1870 கணக்கெடுப்பில்தான். தங்கள் வேர்களைத் தேடுகிற கறுப்பர்கள் அந்த வருஷத்தைச் சுவர் என்கிறார்கள். மற்ற மாநிலங்கள் மெதுவாகத்தான் வந்தன. மிசிசிப்பியில் மாநிலம் முழுவதற்குமான மரணப் பதிவு 1912ல்தான் தொடங்கியது. நாடு தழுவிய பதிவு வட்டத்துக்குள் கடைசியாக டெக்சாஸ் வந்தது 1933ல். சுவருக்கு அந்தப்பக்கம் போக அவர்கள் என்ன செய்கிறார்கள்? எஜமானின் உயிலையும், அவன் செத்தபோது எடுத்த சொத்துப் பட்டியலையும் தேடுகிறார்கள். அதில் மாட்டுக்கும் குதிரைக்கும் பக்கத்தில் விலைபோட்டு எழுதியிருப்பது அவர்களுடைய பாட்டி. எதிரியின் கணக்கில்தான் நம் ஆள் கிடைக்கிறான். சார்பதிவாளர் அலுவலகத்தில் எனக்கு நடந்ததும் இதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சான்று கிடைத்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடாது. அதே 1969 சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, யாருக்குக் கொடுக்கிற இறப்புச் சான்றிலும் சாவின் காரணத்தைக் காட்டக் கூடாது. குடும்ப மானத்தைக் காப்பாற்ற வைத்த விதியாக இருக்கலாம். நமக்கு அது என்ன செய்கிறது? மலக்குழியில் இறங்கி விஷவாயுவில் செத்தவனின் சான்றும் படுக்கையில் செத்தவனின் சான்றும் பார்க்க ஒன்றுதான். 1993லிருந்து சாக்கடையிலும் மலக்குழியிலும் செத்தவர்களின் குடும்பங்களைக் கண்டுபிடித்துப் பத்து லட்சம் கொடு என்று உச்சநீதிமன்றம் 2014 மார்ச்சில் சொன்னது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. வாங்கப் போகிற விதவையிடம், குழியில்தான் செத்தான் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். அது இறப்புச் சான்றில் இருக்காது தோழர்களே, முதல் தகவல் அறிக்கையில் இருக்கும், பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கும். அந்த இரண்டையும் அன்றைக்கே வாங்கி வைக்காமல் பிணத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் பிறகு பத்து வருஷம் அலைய வேண்டும். அவற்றிலும் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1999 ஜூலை 23ல் தாமிரபரணியில் போலீஸ் தடியடிக்குத் தப்ப ஆற்றில் இறங்கி 17 பேர் செத்தார்கள். தண்ணீரில் மூழ்கிச் சாவு என்றுதான் அரசுத் தரப்பு சொன்னது. யார் விரட்டி ஆற்றில் இறங்கினார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை.

இயக்கத்தில் இதைப் பேசியபோது ஒரு தோழர் கோபப்பட்டார். "இழவு சொல்ல மாட்டோம், குழி வெட்ட மாட்டோம்னு எத்தனை ஊர்ல அடிவாங்கிப் போராடினோம். நீ அந்த வெட்டியான் ரேகையப் பூசை பண்றியா?" என்றார். அவர் கோபத்தை மதிக்கிறேன். அந்த வேலையை விட்டதுதான் சரி. நைனாவும் 1981ல் இனிமேல் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு மெட்ராசுக்குக் கட்டட வேலைக்குப் போனவர்தான். ஆனால் வேலையை மறுப்பது வேறு, அந்த வேலை விட்டுப்போன தடயத்தை அவர்களிடமே விட்டுவிடுவது வேறு. சம்பளம் இல்லாமல், சாதியைச் சொல்லி வாங்கிய வேலை அது. அதற்குக் கூலியாக இந்த ஒரு தேதியையாவது நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்றைக்கும் நம் காலனிகளில் வீட்டில் நடக்கும் சாவுகளைப் பதியாமல் விடுவது நின்றுவிடவில்லை. 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் கிடையாது. அது தாண்டி 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஒரு வருஷம் வரை அதிகாரி அனுமதி. அதற்கு மேல் போனால் முன்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டு. 2023 அக்டோபர் 1ல் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு கலெக்டர், சப் கலெக்டர், கோட்டாட்சியர் மாதிரியான நிர்வாக நீதிபதிகளின் உத்தரவு. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கடன் வாங்கிச் செலவு பண்ணுகிற நாம், அதே பதினாறு நாளுக்குள் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு ஒரு நடை நடப்பதில்லை. கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் காலனிக்கு ஒருவராக ஒரு நோட்டு போட்டால் போதும். சாவு விழுந்த தேதி, அப்பா அம்மா பேர், கூப்பிடுகிற பேர், ரேஷன் கார்டில் இருக்கிற பேர், பார்த்தவர்கள் யார். கிழவிகளிடம் போய் உட்காருங்கள். ஒப்பாரி பாடுகிறவளுக்கு நாலு தலைமுறை உறவும் வரிசையாகத் தெரியும், பேர் சொல்லித்தானே அழுகிறாள். அது வெறும் பாட்டு என்று நினைக்காதீர்கள். உறவுமுறையை நேரடியாகத் தெரிந்த குடும்பத்தாரின் கருத்து சாட்சியமாகும் என்று பழைய சாட்சியச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் அந்த ஏற்பாடு இருக்கிறது.

எங்கள் வீட்டில் அப்படி மிச்சம் இருப்பது அத்தை. எழுபது தாண்டியாச்சு. தாத்தா செத்தது என்றைக்கு என்று கேட்டேன். "கார்த்திகை தீபத்துக்கு ரெண்டு நாளு முன்னாடிடா. வெளக்கு வாங்கியாந்து வெச்சிருந்தோம், ஏத்தவே இல்ல" என்றார். பஞ்சாங்கத்தைக் கொளுத்தச் சொல்லிக் கூட்டத்தில் பேசியவன் நான். ஒரு ஜோசியர் வீட்டில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். தீபம் நவம்பர் கடைசியில் வந்திருக்கிறது. இரண்டு ரேகைகளுக்கும் நடுவில்தான்.

அந்த இரண்டு பதிவுகளுக்கும் நகல் கேட்டு மனுப்போட்டபோது, "இது வேற ஆளுங்க சாவாச்சே, உனக்கு எதுக்கு?" என்றார்கள். யார் கேட்டாலும் கட்டணத்துக்குத் தர வேண்டும் என்று சட்டத்தைக் காட்டி வாங்கினேன். 'பதிவு இல்லை' சான்று, இரண்டு நகல்கள், அத்தையின் பிரமாண வாக்குமூலம், எல்லாம் வைத்துக் கோட்டாட்சியரிடம் தாமதப் பதிவுக்குக் கொடுத்தாயிற்று. ஆடி கழித்து விசாரணை. அத்தையையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். "தேதி கேட்டா இன்னான்னு சொல்றது? வெளக்கு வாங்கி வெச்சத சொல்லட்டா?" என்று இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார். சொல்லு அத்தை, அதையும் சொல்லு என்றிருக்கிறேன்.