இசைவிழா அரங்கு

இசை ஒலிப்பது சில நாழிகை. இசையரங்கு நிற்பது சில நாள். அவ்வரங்கினால் விளையும் குப்பை நிலத்தில் கிடப்பதோ பல தலைமுறை. இது முறையாகுமா? இன்று ஊர்தோறும் இசைவிழாக்கள் நிகழ்கின்றன. அது மகிழத்தக்கதே. ஆயின், விழா மேடையை எப்பொருளால் அமைப்பது, விழா முடிந்தபின் அப்பொருளை என் செய்வது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. அதனை ஈண்டு ஆராய்வோம்.

அரங்கமைத்தல் தமிழர்க்குப் புதிய கலையன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஆடிய அரங்கின் இலக்கணத்தை விரித்துரைக்கின்றது. முதலில் நல்ல நிலத்தைத் தேர்ந்தனர். மலைப்பக்கத்தே கணுவுக்குக் கணு ஒரு சாண் இடைவெளி விட்டு வளர்ந்த மூங்கிலை வெட்டி, 24 விரல் நீளமுள்ள அளவுகோல் செய்தனர். அக்கோலால் அளந்து, 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையதாக அரங்கை எழுப்பினர். தூண்களின் நிழல் இடையூறு செய்யாதவாறு விளக்குகளை நிறுத்தினர். அவ்வரங்கின் அழகு அளவறிந்து செய்தமையால் வந்த அழகு, ஆரவாரத்தால் வந்ததன்று.

நம் ஊர்ப் பந்தற்காரரின் தொழிலிலும் ஓர் அரிய அறிவு உண்டு. அவருடைய பொருள்கள் யாவை? சவுக்குக் கழி, மூங்கில், தென்னங்கீற்று, கயிறு ஆகியவையே. அவர் கழிகளை ஆணியால் அறைவதில்லை, கயிற்றால் கட்டுகின்றார். ஆணி அறைந்தால் மூங்கில் பிளந்துவிடும். கட்டியதை அவிழ்த்தாலோ, கழி கழியாகவே மீளும். நேற்றுத் திருமண வீட்டில் நின்ற கழி இன்று இசைவிழாவில் நிற்கும். நாளை வேற்றூர்த் தேர்த்திருவிழாவுக்குச் செல்லும். நைந்த கீற்று எருவாகும். முறிந்த கழி விறகாகும். ஒரு பொருளைப் பன்முறை பயன்படுத்தும் இவ்வழக்கத்திற்கு அவர் பெரும்பெயர் ஒன்றும் இட்டதில்லை. ஆயினும், பிறர் இன்று புதிதாகக் கற்கும் பாடம் அதுவேயன்றோ?

இக்கால மேடைகள் பலவற்றைப் பாருங்கள். பின்புறத்தில் பெரிய பிளெக்ஸ் பதாகை. பக்கங்களில் தெர்மாகோல் தூண்கள். மேலே ஞெகிழிப் பூக்கள். பதாகையில் விழாவின் நாளையும் ஆண்டையும் அச்சிட்டுவிடுவதனால், மறு ஆண்டு அதே மேடைக்கு அது உதவாது. இழைத்துணியின்மேல் பி.வி.சி. பூசிச் செய்யப்படுவது பிளெக்ஸ். எரித்தால் நச்சுப்புகை எழும், புதைத்தால் மட்காது. தெர்மாகோலோ, உடைந்து சிறு மணிகளாகிக் காற்றில் பறந்து வாய்க்காலிலும் ஆற்றிலும் கலக்கும். திருவையாற்றில் தியாகராசர் ஆராதனை காவிரிக்கரையில் நிகழ்வதுபோல, ஆற்றங்கரையில் எடுக்கப்படும் விழாக்கள் பல. நீர்வளத்தைப் போற்றிப் பாடிவிட்டு, அந்நீரிலேயே குப்பையைக் கலத்தல் தகுமோ?

“கீற்றும் மூங்கிலும் தீப்பற்றும் பொருள்களல்லவா?” என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள், தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு விழாவின்போது வேள்விச்சாலையின் கீற்றுப் பந்தலில் தீப்பற்றி, நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்துயரை மறத்தல் ஆகாது. உள்ளூர்ப் பொருள் என்பதனாலேயே ஒன்று எவ்விடத்திற்கும் ஏற்றதாகிவிடாது. மக்கள் திரளும் இடத்திற்கு மேலே கீற்றுக் கூரை வேண்டா. விளக்கின் வெம்மையும் மின்கம்பியும் கீற்றையும் துணியையும் தீண்டலாகாது. வெளியேறும் வழிகள் பல வேண்டும். நீரும் மணலும் அருகில் இருத்தல் வேண்டும். பெருங்கூட்டம் கூடும் விழாவுக்கு இரும்புக் குழாய்ச் சாரமே தக்கதாயின், அதனையே கொள்க. வாடகைக்கு வந்து, நூறு மேடைகளைக் கண்டு, பழுதின்றித் திரும்பும் இரும்பும் நற்பொருளே. ஒருமுறை பயன்படுத்தி எறியப்படுவதே தீது.

அயல்நாட்டாரும் இவ்வழியில் முயன்றுள்ளனர். 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகரில் உலகக் கண்காட்சி நிகழ்ந்தது. அங்குச் சுவிட்சர்லாந்து நாட்டுக்காகப் பீட்டர் சும்தோர் என்னும் கட்டடக் கலைஞர் ஓர் இசைக்கூடம் அமைத்தார். தம் நாட்டுக் காடுகளின் மரங்களை அறுத்து, உலராத பச்சை விட்டங்களாகவே அடுக்கிச் சுவர்களாக எழுப்பினார். ஆணியோ பசையோ அவற்றை இணைக்கவில்லை. எஃகுக் கம்பிகளும் வில்களும் இறுக்கிப் பிடித்து நின்றன. அச்சுவர்களுக்கிடையே இசைக்கலைஞர்கள் நடந்தும் நின்றும் இசைத்தனர். விழா நடந்த மாதங்களில் மரம் காற்றில் உலர்ந்தது. விழா முடிந்ததும் விட்டங்களைப் பிரித்து, உலர்ந்த நன்மரமாக விற்றனர். நம் பந்தற்காரர் கயிற்றால் செய்ததை அவர் கம்பியால் செய்தார். பொருள் வேறு; நெறி ஒன்றே.

மாணவர்களே, உங்கள் பள்ளி ஆண்டு விழாவிலேயே இந்நெறியைத் தொடங்கலாம். வகுப்பறைப் பலகைகளை அடுக்கினால் மேடையாகும். அதன்மேல் கோரைப்பாயும் பவானி ஜமக்காளமும் விரியுங்கள். வீட்டிலுள்ள பழம்பட்டுச் சேலை அழகிய திரையாகும். ஆண்டு குறியாமல் பள்ளியின் பெயரை மட்டும் துணியில் எழுதி வையுங்கள், பல்லாண்டு பயன்படும். வாழையும் மாவிலைத் தோரணமும் கோலமும் தரும் பொலிவை ஞெகிழிப் பூக்கள் தருமோ? வாழையை விழாவுக்குப்பின் மாட்டுக்கு இடலாம்.

மேடையை வரையும் பொழுதே அதனைக் கலைக்கும் முறையையும் வரைதல் வேண்டும். ஒவ்வொரு பொருளையும் நோக்கி, “நீ எங்கிருந்து வந்தாய்? விழா முடிந்தபின் எங்குச் செல்வாய்?” என்று வினவுக. விடை கூறவியலாத பொருளை மேடையில் ஏற்றாதொழிக. விழாவின் சிறப்பைக் கூட்டத்தின் அளவு கொண்டே கணித்தல் போதாது. கூட்டம் கலைந்த மறுநாட் காலையில், வழங்கியபோது இருந்தவாறே நிலம் தூயதாய் இருக்குமாயின், அதுவே நன்கு நடந்த விழாவாம்.